கையில் பிடிக்கும் குறுகல் பெல்ட் சாண்டர்: வடசென்னைப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேட், கிரில், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி அடிக்கும் பட்டறைகள், காசிமேட்டில் படகு வேலை செய்பவர்கள், மணலி, எண்ணூர் பக்கம் குழாய் வேலைக்குப் போகும் ஃபேப்ரிகேஷன் ஆட்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதப்பட்டது. 9 முதல் 30 மி.மீ. வரை அகலமுள்ள, தேய்க்கும் மணி ஒட்டிய துணி பெல்ட் ஓடும் கை மிஷின்களைப் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு. பலகை தேய்க்கும் 75 மி.மீ. பெல்ட் சாண்டர் வேறு சாதி.

கிரைண்டரும் ஃப்ளாப் டிஸ்க்கும் இருக்கும்போது இது எதற்கு?

கிரைண்டர் நுழையாத இடத்துக்கு. இரண்டு குழாய் சேரும் உள்மூலை, கேட் டிசைனில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே விட்ட வெல்டு, சி-சேனலின் உள்பக்கம், லாக் பாக்ஸுக்கு வெட்டிய சதுர ஓட்டையின் ஓரம், லேசரில் வெட்டி வந்த தகட்டின் பிசிறு இவற்றுக்கெல்லாம் அரத்தை வைத்து அரை மணி நேரம் ராவுவதற்குப் பதிலாக இதை வைக்கலாம். உலோகத்தைக் குவியலாக எடுக்க இது ஆகாது. 6 மி.மீ. உயர வெல்டு மேட்டை 10 மி.மீ. பெல்ட்டால் முழுக்கக் கரைக்கப் பார்த்தால் பெல்ட் காசுதான் கரையும். முக்கால்வாசியைக் கிரைண்டரில் எடுங்கள், மிச்சத்துக்கு இதை எடுங்கள்.

கரன்ட் மிஷினா, காற்று மிஷினா, கிரைண்டரில் மாட்டும் அட்டாச்மென்ட்டா?

கம்ப்ரெசர் ஏற்கெனவே இருந்தால் காற்று மிஷின் மலிவு, எடை குறைவு, மோட்டார் எரியும் பேச்சே இல்லை. 10 × 330 மி.மீ., 20 × 520 மி.மீ. என்ற இரண்டு அளவுகளும் எங்கும் கிடைக்கும். ஆனால் காற்றை இது குடித்துத் தள்ளும். கேட்டலாக்கில் போட்டிருப்பது பெரும்பாலும் விட்டுவிட்டு ஓட்டும் சராசரிக் கணக்கு. தொடர்ந்து அழுத்தினால் 10 மி.மீ. மிஷினே நிமிடத்துக்கு 10 கன அடிக்கு மேல் கேட்கலாம். ஒரு எச்.பி. கம்ப்ரெசர் 90 பி.எஸ்.ஐ.யில் தருவது ஏறக்குறைய 3 முதல் 4 கன அடி. ஆகவே 2 எச்.பி. டேங்கை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்ட முடியாது. அரை நிமிடம் ஓட்டி, டேங்க் நிரம்பக் காத்திருக்க வேண்டியதுதான்.

சைட்டுக்குப் போய் வேலை செய்பவர்களுக்குக் கரன்ட் மிஷின்தான் சரி. மகிடா 9032 இந்த வகைக்கு நல்ல உதாரணம்: 9 × 533 மி.மீ. பெல்ட், 500 வாட், நிமிடத்துக்கு 300 முதல் 1,700 மீட்டர் வரை வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அதன் அண்ணன் 9031 எடுப்பது 30 × 533 மி.மீ. வேகத்தை மாற்ற முடிவதுதான் இவற்றின் பெரிய சௌகரியம். எஸ்.எஸ்., பிளாஸ்டிக், ஃபைபர் மூன்றுமே வேகம் கூடினால் கெட்டுப்போகிற சரக்கு.

100 மி.மீ. கிரைண்டரில் மாட்டும் அட்டாச்மென்ட் மாதத்துக்கு நாலு முறை வேலை வருபவருக்குப் போதும். வாங்கும் முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று ஸ்பிண்டில் மரை: நம்மூர் 100 மி.மீ. கிரைண்டர்கள் பெரும்பாலும் எம்10, 125 மி.மீ. என்றால் எம்14. மற்றொன்று கார்டு (டிஸ்க்கை மறைக்கும் காப்பு மூடி) மாட்டும் கழுத்தின் விட்டம். அட்டாச்மென்ட் அந்தக் கழுத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஒரு மி.மீ. தளர்வு இருந்தாலும் வேலையின் நடுவே பெல்ட் ஓடும் மிஷின் கை திரும்பிவிடும். வேகம் என்ன வரும் என்று கணக்கே போட்டுப் பார்க்கலாம்: 11,000 ஆர்.பி.எம். கிரைண்டர், 25 மி.மீ. டிரைவ் வீல் என்றால் பெல்ட் நிமிடத்துக்குச் சுமார் 860 மீட்டர் ஓடும். எம்.எஸ்.ஸுக்கு (சாதா இரும்பு) நல்ல வேகம்தான். குறைக்க வழி இல்லை என்பதுதான் குறை.

கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

வெறுமே "பெல்ட் சாண்டர்" என்றால் மரத்துக்கான அகல மிஷினை எடுத்து வைப்பார்கள். "ஏர் பெல்ட் சாண்டர், 10 எம்.எம்." என்றோ "பெல்ட் ஃபைல்" என்றோ அளவோடு கேளுங்கள். பாரிமுனையை ஒட்டிய செம்புதாஸ் தெரு, மண்ணடி பக்கம் டூல்ஸ் கடைகளில் மிஷின் கிடைத்துவிடும். அந்த அளவில் பெல்ட் எப்போதும் ஸ்டாக் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மிஷினுக்குக் காசு கொடுக்க வேண்டும். 13 மி.மீ. அகலத்தில் 451, 455, 457 என்று கம்பெனிக்குக் கம்பெனி நீளம் மாறும். மிஷின் மலிவாகக் கிடைத்து, பெல்ட்டுக்கு ஆன்லைனில் பத்து நாள் காத்திருப்பது நஷ்டக் கணக்கு.

பெட்டி தொலைந்துவிட்டது. பெல்ட் அளவை எப்படி அளப்பது?

பெல்ட்டை இரண்டாக மடித்துத் தட்டையாகப் பிடித்து அளந்து, வந்ததை இரண்டால் பெருக்குங்கள். 165 வந்தால் 330, 260 வந்தால் 520. அறுந்த பெல்ட்டாக இருந்தால் விரித்து நேராக அளந்தால் முடிந்தது. ஸ்பிரிங் நாலைந்து மி.மீ. வித்தியாசத்தைத் தாங்கலாம். அதற்கு மேல் நீளமானால் வழுக்கும், குட்டையானால் ஏறாது, ஏற்றினாலும் ஐட்லர் (முனையில் சுழலும் உருளை) பேரிங் சாகும்.

எந்தக் கலர், எந்த நம்பர்?

கலரை முழுக்க நம்ப வேண்டாம், கம்பெனிகள் இஷ்டத்துக்குச் சாயம் போடுகின்றன. பின்பக்கம் அச்சடித்ததைப் படியுங்கள். பழுப்பு பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு. விலை குறைவு, எம்.எஸ்., மரம், ஃபைபருக்குப் போதும். நீலம் பெரும்பாலும் ஜிர்கோனியா. எஸ்.எஸ்.ஸுக்கும் கெட்டியான வெல்டுக்கும் இது நிற்கும். செராமிக் இன்னும் நீண்ட நாள் வரும். ஆனால் அதன் மணி உடைந்து உடைந்து புது முனை வர வேண்டுமானால் கொஞ்சம் அழுத்தம் வேண்டும். லேசாகத் தடவிக்கொண்டே இருந்தால் செராமிக் மழுங்கிப் பளபளத்துவிடும். சின்னக் காற்று மிஷினில் செராமிக் போட்டுப் பணத்தை வீணாக்குவதைவிட ஜிர்கோனியாவே மேல்.

நம்பர் என்பது மணியின் பருமன், நம்பர் கூடக் கூட மென்மை. பெரும்பாலான பட்டறைகளுக்கு 60, 120 இரண்டும் இருந்தால் தொண்ணூறு சதவீத வேலை ஓடும். வெல்டு எடுக்க 60, கோடு ஆற்ற 120. எஸ்.எஸ்.ஸுக்கு அதோடு 180, 240. 40 நம்பர் இந்த அகலத்தில் போடுகிற கோட்டை அழிக்கவே தனியாக நேரம் வேண்டும். துணியில் ஜே, எக்ஸ் என்று இரண்டு கனம் வரும். குழாயைச் சுற்றி வளைய ஜே, தட்டையான இடத்தில் அழுத்தித் தேய்க்க எக்ஸ்.

பெல்ட்டை மாட்டுவது எப்படி?

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், காற்று என்றால் ஹோஸைக் கழற்றுங்கள். சுவிட்சை ஆஃப் செய்தால் போதாது. காற்று மிஷினின் லீவர் பெஞ்சில் பட்டாலே ஓடும்.

மிஷின் கையின் முனையை மரத்தில் வைத்து உள்ளே அழுத்தினால் ஸ்பிரிங் அமுங்கும். சில மிஷின்களில் அதற்கென்று ஒரு பட்டன் இருக்கும். பெல்ட்டின் உள்பக்கம் அம்புக்குறி இருந்தால் மிஷினில் உள்ள அம்போடு ஒத்துப்போக வேண்டும். மேலடுக்காக ஒட்டிய ஜாயின்ட் உள்ள பெல்ட்டைத் தலைகீழாக மாட்டினால் ஒட்டின விளிம்பு வேலையில் மாட்டிப் பிய்ந்துவிடும். முனையோடு முனை சேர்த்து அடியில் டேப் ஒட்டிய பெல்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, எப்படியும் ஓடும்.

பிறகு டிரைவ் வீலில் ஒன்று, முனை ஐட்லரில் ஒன்று என்று ஏற்றி, கையால் இரண்டு சுற்று உருட்டிப் பாருங்கள். அடுத்து வேகத்தைக் குறைத்து ஒரு விநாடி ஓட்டி நிறுத்துங்கள். பெல்ட் எந்தப் பக்கம் நகர்கிறதோ அதைப் பார்த்து, பெல்ட்டை நடுவுக்குக் கொண்டுவரும் டிராக்கிங் ஸ்குருவைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்புங்கள். நடுவில் வந்து நின்றால் பத்து விநாடி முழு வேகத்தில் வெறுமே ஓட்டிவிட்டு வேலைக்குப் போகலாம்.

புது பெல்ட் அஞ்சே நிமிடத்தில் அறுந்துவிடுகிறது. சரக்கு மட்டமா?

சில நேரம் மட்டம்தான். ஆனால் பெரும்பாலும் பழி பிடிக்கும் கையின் மேல். தகட்டின் கூர் ஓரத்துக்கு எதிராகப் பெல்ட் ஓடி வந்தால் அந்த ஓரம் கத்தியாக வேலை செய்யும். ஓடும் திசையைப் பார்த்து, பெல்ட் ஓரத்தைத் தாண்டி வெளியே போகிற மாதிரி மிஷினைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். சதுர ஓட்டையின் உள்மூலையில் முனையைத் திணித்து அப்படியே பக்கவாட்டில் நெருக்குவது அடுத்த காரணம். பெல்ட்டின் விளிம்பு நூல் நூலாகப் பிரிந்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

எங்கே அறுந்தது என்று பாருங்கள். ஜாயின்ட் மட்டும் சுத்தமாகப் பிரிந்திருந்தால் ஈரம் அல்லது பழைய ஸ்டாக். துணி நடுவே குறுக்காகக் கிழிந்திருந்தால் ஓரம் மாட்டியது. மணி முழுக்க உதிர்ந்து துணி கருகி இருந்தால் அழுத்தம் அதிகம். மிஷினின் எடையோடு விரல் எடை கொஞ்சம் சேர்ந்தால் போதும். மோட்டார் சத்தம் இறங்கும் அளவுக்கு அழுத்தினால் பெல்ட் வெட்டுவதை நிறுத்திவிட்டு உரசிச் சூடாக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

டிராக்கிங் சரி செய்தும் பெல்ட் ஒரு பக்கமே ஓடுகிறதே?

ஸ்குருவை விட்டுவிட்டு ஐட்லரைப் பாருங்கள். பெல்ட்டைக் கழற்றி ஐட்லரை விரலால் ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது, சுழற்றினால் கரகர சத்தம் வரக் கூடாது. அந்தச் சின்ன பேரிங்தான் இந்த மிஷினில் முதலில் போகும் பாகம். முனையில் இருப்பதால் எல்லாத் தூளும் அதன் மேல்தான். ஐட்லரின் நடுவே லேசான மேடு இருக்கும், அதுதான் பெல்ட்டை நடுவில் நிறுத்துவது. அந்த மேடு தேய்ந்து உருளை நேராகிவிட்டால் எந்த ஸ்குருவாலும் பெல்ட் நிற்காது. மிஷினின் கை வளைந்திருந்தாலும் இதே கதைதான். மிஷின் ஒருமுறை மேலிருந்து விழுந்தால் கை வளைந்ததா என்று ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

அடியில் பெல்ட் உரசும் தகட்டையும் மறக்க வேண்டாம். அதில் பள்ளம் விழுந்தால் தட்டையாக வர வேண்டிய வேலை அலை அலையாக வரும், பெல்ட்டின் பின்பக்கம் சூடேறி ஜாயின்ட் விடும். தகடு தனியாக விலைக்குக் கிடைக்காத மிஷினுக்கு 1 மி.மீ. எஸ்.எஸ். தகட்டை அதே அளவில் வெட்டி, ஓரத்தை மழுக்கி மாட்டலாம்.

குழாயில் தேய்த்தால் தட்டை தட்டையாக விழுகிறது.

பெல்ட்டின் அடியில் உள்ள தகட்டின் மேல் வைத்துத் தேய்ப்பதால் வரும் வினை. ஒன்றரை அங்குலக் கைப்பிடிக் குழாய்க்குப் பெல்ட்டின் தளர்ந்த பகுதியைப் பயன்படுத்த வேண்டும். தகட்டைக் கழற்ற முடிந்த மிஷினில் கழற்றிவிடுங்கள், பெல்ட் குழாயைச் சுற்றி வளையும். மிஷினை ஒரே இடத்தில் நிறுத்தாமல் குழாயைச் சுற்றி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முனை உருளையை நேராகக் குழாய் மேல் வைத்தால் விநாடியில் ஒரு குழி விழும், அந்தக் குழியை ஆற்றப் பக்கத்து இடத்தையும் இறக்க வேண்டி வரும். சுவர் 1.2 மி.மீ. மட்டுமே உள்ள குழாயில் அதற்கு இடமே இல்லை.

எஸ்.எஸ். கைப்பிடியை மினுக்கிக் கொடுத்தும் மூன்று மாதத்தில் துருப்பிடிக்கிறது. மெட்டீரியல் டூப்ளிகேட்டா?

வடசென்னையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதல் சந்தேகம் பெல்ட் மேல் வர வேண்டும். எம்.எஸ். தேய்த்த பெல்ட்டையே எஸ்.எஸ்.ஸில் போட்டால், மணிகளுக்கு நடுவே சிக்கிய இரும்புத் தூள் எஸ்.எஸ். மேல் பதியும். நாலு நாள் கடற்காற்றில் அது பழுப்புப் புள்ளியாக எழும். பக்கத்து பெஞ்சில் எம்.எஸ். கிரைண்டிங் நடந்து பொறி வந்து விழுந்தாலும் இதேதான். எஸ்.எஸ்.ஸுக்கென்று தனி பெல்ட், தனி டப்பா வைத்து, பெல்ட்டின் உள்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

இரண்டாவது, வெல்டைச் சுற்றிய நீலமும் வைக்கோல் நிறமும். அது அழகுக் குறை மட்டுமில்லை. சூட்டில் ஆக்ஸைடு படிந்து, அதன் அடியில் குரோமியம் குறைந்துபோன ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. நிறம் போகும்வரை மட்டும் தடவினால் அந்த அடுக்கு அங்கேயே நிற்கும். 120ல் இன்னும் கொஞ்சம் இறக்கி எடுக்க வேண்டும், அல்லது பிக்லிங் பேஸ்ட் போட்டுத் தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். அந்த பேஸ்ட் கடும் அமிலம், ரப்பர் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. தேய்க்கும்போதே நீலம் பாய்ந்தால் வேகம் அதிகம் அல்லது பெல்ட் மழுங்கிவிட்டது.

மூன்றாவது, கடைசியாக எந்த நம்பரில் நிறுத்தினீர்கள் என்பது. 80ல் நிறுத்தினால் அந்த ஆழக் கோடுகளில் உப்பு தங்கும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் போலக் கடலை ஒட்டிய இடங்களில் 60, 120, 180, 240 என்று படிப்படியாகப் போய், கடைசியில் நான்-ஓவன் பெல்ட் (பாத்திரம் தேய்க்கும் நார் மாதிரி இருப்பது) போட்டு முடிப்பது பலன் தரும். ஒவ்வொரு நம்பரிலும் முந்தின கோட்டுக்குக் குறுக்கே தேய்த்தால் பழைய கோடு போனதா என்று கண்ணுக்குத் தெரியும். கடைசி நம்பர் மட்டும் குழாயின் நீளவாக்கில், பழைய ஃபினிஷோடு சேருகிற மாதிரி.

இத்தனையும் செய்து 304 ரக எஸ்.எஸ்.ஸில் தேநீர்க் கறை மாதிரி வந்தால் அது இடத்தின் குணம். கடலைப் பார்த்த பால்கனிக்கு 316 ரகம் சொல்லுங்கள். 304தான் வேண்டும் என்றால், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும் என்பதைப் பில்லிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அலுமினியம் தேய்த்தால் பெல்ட் அடைத்துக்கொள்கிறது.

ஓடும் பெல்ட்டில் மெழுகுவர்த்தியை ஒரு விநாடி தொட்டுவிட்டுத் தேய்த்தால் ஒட்டுவது குறையும். 80க்கு மேல் மென்மையான பெல்ட் போட வேண்டாம். முக்கியமானது, எம்.எஸ். தூள் குவிந்த இடத்தில் அலுமினியம் தேய்க்காதீர்கள். துருத் தூளும் அலுமினியத் தூளும் கலந்த குவியலில் பொறி விழுந்தால் பயங்கரச் சூட்டோடு எரியும், தண்ணீர் ஊற்றவும் கூடாது. பெஞ்சைப் பெருக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

ஃபைபர் படகு வேலைக்கு ஆகுமா?

நன்றாகவே ஆகும். உடைந்த விளிம்பைச் சரித்து எடுக்க, போல்ட் ஓட்டையைப் பெரிதாக்க, உள்மூலையில் பழைய ரெசினைச் சுரண்ட 60 நம்பர் அலுமினியம் ஆக்ஸைடு போதும். வேகத்தைக் குறையுங்கள், சூடேறினால் ரெசின் இளகி பெல்ட்டில் அப்பும். கண்ணாடி இழைத் தூள் தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போனால் அதைவிட மோசம். கரன்ட் மிஷினின் மோட்டாருக்கும் அந்தத் தூள் எமன், வேலை முடிந்ததும் ஊதிவிட வேண்டும். படகின் அடிப்பாகப் பெயின்ட்டில் விஷச் சரக்கு உண்டு, அதை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டுங்கள்.

காற்று மிஷின் முன்பு போல இழுக்கவில்லை.

பிரஷர் மீட்டரை கம்ப்ரெசரில் பார்க்காதீர்கள். மிஷின் பக்கத்தில் ஒரு சின்ன மீட்டர் மாட்டி, லீவரை அழுத்தி ஓடும்போது பாருங்கள். நிற்கும்போது 90 காட்டி, ஓடும்போது 60க்கு இறங்கினால் கோளாறு மிஷினில் இல்லை. ஹோஸ் மெலிது, அல்லது கப்ளிங் அடைப்பு. உள்விட்டம் 10 மி.மீ. ஹோஸ் போட்டால் பாதி புகார் அங்கேயே தீரும்.

மீதிப் பாதி தண்ணீர். நம்மூர்க் காற்றில் எப்போதும் ஈரம், அழுத்தினால் அது தண்ணீராகப் பிரிந்து டேங்க் அடியில் நிற்கும். தினமும் சாயங்காலம் டிரெயின் வால்வைத் திறந்துவிடுங்கள், ஐப்பசி கார்த்திகையில் மதியமும் ஒருமுறை. தண்ணீர் உள்ளே போனால் ரோட்டரில் உள்ள பிளேடுகள் துருவில் ஒட்டிக்கொள்ளும். காலையில் ஹோஸ் மாட்டும் முன் காற்று நுழையும் ஓட்டையில் ஏர் டூல் எண்ணெய் மூன்று நாலு சொட்டு, முடிக்கும்போது இன்னும் மூன்று சொட்டு விட்டு ஐந்து விநாடி ஓட்டி வையுங்கள். ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 22 அல்லது 32 ஆகும். இன்ஜின் ஆயில் கெட்டி, பிளேடு நகராது. தேங்காய் எண்ணெய் சொல்லவே வேண்டாம், பிசினாகிவிடும்.

அடியோடு சுழலவில்லை என்றால் எண்ணெய் ஐந்தாறு சொட்டு விட்டு, ஹோஸ் இல்லாமல் பெல்ட்டைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, கால் மணி கழித்துக் காற்று கொடுங்கள். பெரும்பாலும் விடும்.

கரன்ட் மிஷினுக்கு என்ன பராமரிப்பு?

கார்பன் பிரஷும் (மோட்டாருக்குள் உரசிக் கரன்ட் கொடுக்கும் கட்டை) காற்றோட்டமும்தான். கார்பனில் எல்லைக் கோடு இருக்கும். அதுவரை தேய்ந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் ஆர்மேச்சரில் (மோட்டாரின் சுழலும் பாகம்) பொறி பறக்கும். புதுக் கார்பன் போட்டதும் நாலைந்து நிமிடம் வெறுமே ஓட்டினால் பதியும். வாரம் ஒருமுறை, மிஷினை வெறுமே ஓட விட்டு, பின்பக்கத் துவாரத்தில் குறைந்த அழுத்தத்தில் உலர்ந்த காற்றை ஊதுங்கள். தண்ணீர் தெறிக்கும் கம்ப்ரெசரால் ஊதினால் ஊதாமல் இருந்ததே நல்லது. கருகல் வாசமும் வளையமாகச் சுற்றும் பொறியும் வந்தால் நிறுத்திவிடுங்கள், இன்னும் ஓட்டினால் கார்பன் செலவு ஆர்மேச்சர் செலவாக மாறும்.

பெல்ட்டை எங்கே வைப்பது?

பெல்ட் கம்பெனிகள் சொல்வது 15 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம். கடலோரப் பட்டறையில் அது கனவு. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தால் கிட்டத்தட்ட அந்த நிலை கிடைக்கும். சிமென்ட் தரையில் வைக்காதீர்கள், ஆணியில் தொங்கவிட்டால் அந்த இடம் மடிந்து அங்கேயே அறுகும். தொங்கவிடுவதானால் இரண்டு அங்குலக் குழாய் மேல். மூன்று மாதத்துக்கு மேல் ஓடக்கூடியதை ஒரேயடியாக வாங்கி அடுக்க வேண்டாம். 1954ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலுக்குத் திருவொற்றியூரிலேயே ஆலை இருக்கிறது, தேய்ப்புச் சரக்குக்குப் பஞ்சமான ஊரில் நாம் இல்லை.

மீன் வெட்டும் கத்தி, அரிவாள்மனை தீட்டலாமா?

மிஷினை வைஸில் லேசாகப் பிடித்து, 240 போட்டு, வேகத்தைக் குறைத்துத் தீட்டலாம். கூர்முனை பெல்ட் ஓடும் திசையிலேயே பார்த்திருக்க வேண்டும், எதிராக வைத்தால் பெல்ட் அறுந்து முகத்துக்கு வரும். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரில் தோய்த்து எடுங்கள். ஓரம் நீலமாகிவிட்டால் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, அந்த இடத்தில் பதம் போய்விட்டது. நீலம் முழுக்கப் போகும்வரை தீட்டி இறக்கினால்தான் மறுபடி கூர் நிற்கும்.

பாதுகாப்புக்கு எது அவசியம்?

பெல்ட் குறுகல்தானே என்று கண்ணாடி போடாமல் விடுகிறார்கள். அறுந்த பெல்ட்டின் நுனி சாட்டை மாதிரி அடிக்கும். ஐ.எஸ். 5983 முத்திரை உள்ள கண்ணாடி, ஐ.எஸ். 9473 உள்ள எஃப்.எஃப்.பி.2 மாஸ்க், காற்று மிஷினுக்குக் காதடைப்பான். தொளதொள நூல் கையுறை வேண்டாம், பெல்ட் அதைப் பிடித்து விரலோடு இழுக்கும். கையோடு ஒட்டிய தோல் கையுறை அல்லது வெறுங்கை. கழுத்தில் துண்டு, செருப்பு, ஐந்து மீட்டருக்குள் தின்னர் டப்பா மூன்றும் ஆகாது. பழைய கேட்டின் சிவப்புப் பூச்சில் ஈயம் இருக்கலாம், மாஸ்க் இல்லாமல் தொடாதீர்கள். மழைக்காலத்தில் தரை நனைந்த பட்டறையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) இல்லாமல் கரன்ட் மிஷினைச் சொருகக் கூடாது.

அறுந்த பெல்ட்டை ஒட்டி மறுபடி போடலாமா?

கூடாது. சூப்பர் க்ளூ அந்த வேகத்துக்கும் சூட்டுக்கும் நிற்காது. ஆனால் மணி மிச்சம் இருந்தால் எறியவும் வேண்டாம். அறுந்த 533 மி.மீ. பெல்ட் கையால் குழாயைச் சுற்றி இழுத்துத் தேய்க்க அருமையான நீளம், கடையில் வாங்கும் உப்புத்தாளைவிட நீண்ட நாள் வரும்.